கடுகளவு

ஃபார்மலின் புட்டிக்குள் நான்கு துணுக்குகள்.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது,
நொய்யைவிடக் கொஞ்சம் சிறிது.
சீட்டில் இப்படி:
தேசப்பன், 34, ஆண், காசிமேடு.
இதயத் தசை. அவசரம்.

அவசரம் என்று எழுதாத சீட்டைப்
பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
ஆனாலும் மெழுகு உறைய
மெழுகுக்கான நேரம் வேண்டும்.
கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
வால்டாக்ஸ் ரோட்டில் லாரிகள்
ஹாரன் அடித்தபடி நின்றுகொண்டிருந்தன.

சீவச் சீவ
நாடாபோல் சுருண்டு வந்தது இதயம்.
வெந்நீரில் மிதக்கவிட்டுக்
கண்ணாடியில் ஏந்தினேன்.
பிறகு சாயம்.
தசைக்கு ரோஸ், உட்கருவுக்கு ஊதா.

ரோஸ் மட்டும் ஓட வேண்டிய இடத்தில்
ஊதாப் புள்ளிகள்.
பீச் ஸ்டேஷன் வண்டியில் தொங்குவதுபோல
ஒவ்வொரு நாரின் விளிம்பிலும் தொற்றிக்கொண்டு.
சில நார்களைக் காணவே காணோம்.
அவை இருந்த இடத்தில்
இவர்கள் நிற்கிறார்கள்.

"ரத்தத்திலிருந்து இறங்கின நிணச் செல்கள்"
என்றார் மெஹருன்னிசா டாக்டர்,
லென்ஸிலிருந்து கண் எடுக்காமல்.
"வைரஸைத் தேடி வந்தது.
வைரஸ் போய் மூணு வாரம் ஆச்சு.
இது போகல."

கவுண்டருக்கு வெளியே ஒரு பெண்.
கையில் எக்கோ கவர்,
கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.
"காய்ச்சதான் வுட்டுப் போச்சேம்மா,
அப்புறம் எதுக்கு மூச்சு வாங்குது?
மாடி ஏற சொல்ல உக்காந்துடுது."

எனக்கு விடை தெரியும்.
சொல்ல அனுமதி இல்லை.
ரிப்போர்ட் ஐந்து மணிக்கு என்றேன்.

படை, போர், எதிரி என்றுதான்
பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
அந்தச் செல்களுக்குக் கோபம் தெரியாது.
வைரஸின் சாயலில் கொஞ்சம்
இதயத்தின் புரதத்திலும் இருந்திருக்கலாம்.
போட்டோவை வைத்துக்கொண்டு
வீடு வீடாகக் கதவு தட்டுகிறவர்கள்
மூக்கு ஒத்துப்போகிற அண்ணனை
ஜீப்பில் ஏற்றுவதில்லையா?

இன்னொரு சாயம் போட்டோம், பழுப்பு.
அதில்தான் மற்றவர்கள் தெரிந்தார்கள்.
விழுங்கு செல்கள்.
அவர்களில் சிலர்
தேசப்பனுக்கு விரல் முளைக்கும் முன்பே
தாய் வயிற்றுக்குள்
அந்த இதயத்தில் குடியேறியவர்கள்.
செத்ததை அள்ளுவது அவர்கள் வேலை.
துடிப்பு இறங்கி வரும் பாதையில்
மின்சாரத்துக்குக் கைகொடுப்பதும் உண்டாம்.
முப்பத்து நான்கு வருஷம்
யாரும் அவர்களை விசாரித்ததில்லை.
இப்போது இந்த நெரிசலில்
யார் பழைய குடி, யார் நேற்று வந்தவர் என்று
என் சாயத்துக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.
முகம் உப்பிப்போச்சு, ராத்திரியெல்லாம்
ஃபேனைப் பார்த்தபடி கிடக்கிறான் என்று
கஸ்தூரி சொன்னாள்.
அவள் பெயரை மூன்றாம் தடவைதான் கேட்டேன்.

பங்குனியில் இன்னொரு புட்டி.
ஊதா குறைந்திருந்தது. எண்ணிவிடலாம்.
எண்ணினேன்.
நார்கள் அழிந்த இடங்களில்
வெளிறிய ரோஸில் ஒரு பின்னல்,
தழும்பு.
அது சுருங்காது, விரியாது.
கிழியாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
அதைப் பின்னச் சொல்லி ஆள் அனுப்பியதும்
இதே கூட்டம்தானாம்.

தேசப்பன் கடலுக்குப் போவதில்லை.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்.
ராயபுரம் பாலத்தில் பாதியில் நின்றுவிடுகிறானாம்,
ரயில் பார்க்கிறவன் மாதிரி.

விளக்கை அணைக்குமுன் இன்னொரு தடவை குனிந்தேன்.
ஒரு நாரின் ஓரத்தில்
ஒரே ஒரு ஊதாப் புள்ளி.
போகிறதா,
வந்துகொண்டிருக்கிறதா?
கண்ணாடியில் எல்லாம்
நின்றுகொண்டுதான் இருக்கும்.